நான்காம் எண் எடுத்த பெட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன், கையால் தொட்டும் பார்த்தேன். வேலைக்களைப்பு என்றார்கள், வெயில் சூடு என்றார்கள், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றுகூட ஒருவர் சொன்னார். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யாரையும் நம்பவைக்க நான் இதை எழுதவில்லை.

பேய் ராத்திரியில்தான் வரும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சரியாக மூன்று இருபதுக்கு.

என் பெயர் குணபூசணி. கல்லூரியில் பாதிப் பெயரை வெட்டிவிட்டுப் பூசணி என்று கூப்பிட்டுக் கலாட்டா செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட நான் செய்த வேலை தெரியாது. 1992-ல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக் கடையில் எங்கள் ஆபீஸ். தொழிற்சாலைக் கணினிகளுக்குக் கெர்னல் எழுதுவது என் வேலை. கணினிக்குள் எல்லா நிரல்களுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு வேலை வாங்கும் நிரலுக்குத்தான் கெர்னல் என்று பெயர்.

அதன் முக்கியமான வேலை, நினைவகத்தைப் பங்கு போடுவது. கோயிலில் பாத்திர அறை பார்க்கிறவர் இருப்பாரே, அதே மாதிரி. கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். யார் எடுத்தது, எத்தனை மணிக்கு என்று எழுதிவைக்க வேண்டும். வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக் கழுவி வைக்க வேண்டும். எடுத்தவர் திருப்பித் தராவிட்டால் ஒருநாள் அறை காலியாகிவிடும். அவர் கையில் இருக்கும்போதே பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்தால், அது அதைவிட மோசம்.

கிள்ளானுக்கு வடக்கே மேருவில் ஒரு ரப்பர் குழாய்த் தொழிற்சாலை. ஆவியில் ரப்பரை வேகவைக்கும் ஸ்டீமர்கள் வரிசையாக இருந்தன. படுக்கவைத்த பெரிய இரும்புப் பீப்பாய்கள். ஆள் நிமிர்ந்து நடந்து உள்ளே போகலாம். எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு. நான்கு கிடையாது.

"சீனன் கடை பிள்ளை. நாலு அவங்களுக்கு ஆகாது, அவங்க பாஷையில சாவு மாதிரிக் கேக்கும்" என்று எங்கள் முதலாளி சிவசம்பு சிரித்தார். கோலாலம்பூரில் வளர்ந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? லிஃப்டிலேயே மூன்றுக்கு அப்புறம் 3A, அப்புறம் ஐந்து. நானும் என் கெர்னலில் நான்காம் எண்ணுக்கு இடம் வைக்கவில்லை. அங்கே யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

ஏற்பாடு இதுதான். ஸ்டீமருக்குள் போகிற தொழிலாளி வாசலில் தன் சாவியைத் திருப்புவான். உடனே கெர்னல் நினைவகத்திலிருந்து ஒரு பெட்டி எடுத்துக் கொடுக்கும். பெட்டி என்பது நாங்கள் வைத்த பெயர். அதில் ஸ்டீமர் எண், சாவி எண், நேரம் எல்லாம் இருக்கும். இன்னொன்றும் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டால் அழுத்த ஓர் அவசரக் குமிழ் இருக்கிறது. அதை எத்தனை தடவை அழுத்தினான் என்ற எண்ணிக்கை. வெளியே வந்து சாவியைத் திருப்பினால் பெட்டி திரும்பிவிடும். பெட்டி வெளியே இருக்கும்வரை கதவு மூடாது, ஆவி திறக்காது. மொத்தம் பதினாறு பெட்டிகள். கடைசியாகத் திரும்பி வந்த பெட்டியை முதலில் எடுத்துக் கொடுக்கும்படி எழுதியிருந்தேன். தேட வேண்டியதில்லை. வேகம்.

எழுதியது நான். சரியாகத்தான் எழுதினேன். இன்றும் சொல்வேன்.

ஆனால் சோதனை ஓட்டத்தில் மூன்று தடவை எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. தினம் ஒரு பெட்டி காணாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டியும் போனதும் கெர்னல் 'இல்லை' என்று சொல்லி எல்லா ஸ்டீமரையும் நிறுத்தியது. அப்படித்தான் நிற்க வேண்டும். தொழிற்சாலைக்காரர்களுக்கு அது பிடிக்குமா? திங்கட்கிழமை காலை ஏழு மணி ஷிப்டுக்குள் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டுங்கள் என்றார்கள். இந்தக் கருவி பாதுகாப்பானது என்று ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பி நாற்பது பேர் ஸ்டீமருக்குள் நடந்து போவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் சிவசம்பு ஒரு சிப் கொடுத்தார். திரையில் எழுத்து இன்னும் தெளிவாக வருவதற்குச் சின்னத் திருத்தம் என்றார். நானும் அதை நம்பி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு, மத்தியானம் 1:40. அய்யூப் அண்ணனின் வேனில் மேருவுக்குப் போய் இறங்கினேன். அவர் கிள்ளானில் எலக்ட்ரீஷியன். பத்து வருடமாக எங்களுக்கு ஒயர் வேலை செய்கிறவர். மூன்று பிள்ளைகள். வாயைத் திறந்தால் மூத்தவள் ஜுபைதாவின் பரீட்சைப் பேச்சுதான். தொழிற்சாலையில் காவலுக்கு ஜாகா ஒருவர், பாய்லர் அறையில் ஒருவர். வேறு ஆள் இல்லை. நல்ல மழை. தகரக்கூரையில் விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழவில்லை.

2:15. புது சிப்பை மாட்டினேன். பாய்லர் ஓடியது. ஒன்றாம் எண் சரி. இரண்டு சரி. மூன்று சரி. என் திரையில் பதினாறு பெட்டிகளும் காலி. பெட்டியை எடுப்பது எந்த ஸ்டீமர் என்றும் காட்டும்படி போன வாரம்தான் எழுதிச் சேர்த்திருந்தேன்.

3:20.

ஒரு பெட்டி போனது.

எடுத்தவர்: நான்கு.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. மாட்டினாயா என்று நினைத்தேன். நான்கு என்று எண்ணே கிடையாது, அப்படியானால் எங்கோ கணக்கில் பிழை. அச்சடித்த நிரலை விரித்து வரி வரியாகப் பார்த்தேன். நான்கை எழுதக்கூடிய வரி ஒன்றுகூட இல்லை.

"அண்ணே! யாராவது சாவி போட்டீங்களா?" என்று கத்தினேன்.

"இல்லியே மிஸ். சாவி எல்லாம் என் கையிலதான் இருக்கு லா."

மறுபடி திரையைப் பார்த்தேன். பெட்டியைக் கொடுக்கும் முன் கெர்னல் அதைச் சுத்தமாகத் துடைத்துவிடும். எல்லா இடத்திலும் பூஜ்யம்தான் இருக்க வேண்டும். இருந்தது. சாவி எண் பூஜ்யம். குமிழ் எண்ணிக்கை பூஜ்யம்.

பூஜ்யம்...

ஒன்று.

டொக்.

அவ்வளவு மழைச் சத்தத்திலும் அது தெளிவாகக் கேட்டது. இரும்பை உள்ளேயிருந்து தட்டும் சத்தம்.

இரண்டு. டொக்.

மூன்று. டொக்.

எழுந்து போனேன். பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது என் கெர்னல். என் பெட்டி. அதை யார் எடுக்கிறார்கள் என்று தெரியாமல் நான் வீட்டுக்குப் போக மாட்டேன்.

சத்தம் மூன்றாம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் நடுவிலிருந்து வந்தது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் சிமெண்டுத் தரை. அப்போதுதான் கவனித்தேன். மற்ற ஸ்டீமர்களுக்கு நடுவில் நாலடி இடைவெளி. இங்கே மட்டும் இன்னொரு ஸ்டீமரே வைக்கலாம். சிமெண்டின் நிறமும் வேறாக இருந்தது.

குனிந்து தரையில் கை வைத்தேன். சுட்டது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டேன். உள்ளங்கையெல்லாம் சிவந்துவிட்டது.

"யாருன்னு சொல்லு" என்றேன் சத்தமாக. "சொல்ல முடியாட்டி வழிய விடு. எனக்கு வேலை இருக்கு."

டொக்.

3:26. ஐந்தாம் எண்ணின் சூடு பார்க்கும் கருவி கோளாறு. அதை மாற்ற அய்யூப் அண்ணன் சாவியைத் திருப்பிவிட்டு உள்ளே போனார். அவருக்கு ஒரு பெட்டி போனது. எடுத்தவர்: ஐந்து. ஒழுங்காகப் பதிவானது. அவர் வெளியே வந்ததும் சோதனை தானாகத் தொடங்கட்டும் என்று நான் ஆணை கொடுத்துவைத்தேன். பெட்டி திரும்பினால் கதவு மூடும், ஆவி திறக்கும். நேரம் மிச்சம். பெட்டி அவர் பெயரில் இருக்கும்வரை என்ன ஆகப்போகிறது? என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

3:30. நான்காம் எண்ணின் பெட்டி திரும்பிவிட்டது.

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அதே நொடியில் மறுபடி போனது. எடுத்தவர்: நான்கு. நேரம் 3:30:00.

எனக்குப் புரியவில்லை. திருப்பிக் கொடுத்தது யார்? எடுத்த கை கொடுத்ததா, அல்லது வேறு யாரோ பிடுங்கி, அது மறுபடி எடுத்துக்கொண்டதா?

டொக். டொக். டொக்.

இப்போது வேகமாக.

3:35. சுவரில் இருந்த டெலிபோன் அடித்தது. சிவசம்பு.

"என்ன பிள்ளை, எப்படிப் போகுது?"

"பெட்டிய எடுக்கறது நாலாம் நம்பர் சார்."

அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"நாலுன்னு ஒண்டும் இல்ல" என்றார். குரல் மாறியிருந்தது. "அதக் கிளறாத. இனி மிஷின் நிக்காது. நேத்துக் குடுத்த சிப்புல நான் ஒரு வேலை செஞ்சு வச்சிருக்கேன்."

"என்ன வேலை சார்?"

"பத்து நிமிஷத்துக்கு மேல திருப்பிக் குடுக்காட்டி கெர்னல் தானாவே பெட்டியப் புடுங்கிடும்."

"உள்ள ஆள் இருந்தா?"

"அந்தச் சூட்டுல பத்து நிமிஷம் யார் உள்ள நிப்பா?"

அய்யூப் அண்ணன் உள்ளே போனது 3:26.

கடிகாரத்தைப் பார்த்தேன்.

3:35:51.

ரிசீவரை விட்டுவிட்டு ஓடினேன். எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்புப் பொத்தான் ஆறாம் எண்ணுக்கு அந்தப் பக்கம்.

"அண்ணே! வெளிய வாங்க! அண்ணே!"

மழை. கேட்கவில்லை.

55.

58.

ஐந்தாம் எண்ணின் கதவு உறுமியது.

நகர்ந்தது...

ஒரு சாண்.

நின்றது.

தட்டும் சத்தமும் நின்றது.

சிவப்புப் பொத்தானை அடித்தேன். உள்ளே பாய்ந்து அய்யூப் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே விழுந்தேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"என்ன மிஸ்? என்னா ஆச்சு?"

அவர் கையையும் காலையும் பார்த்தேன். அவரே பேசினார்.

"பக்கத்து ஸ்டீமர்ல யாரு மிஸ்? செவுத்தத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. மூணாம் நம்பரா?"

நேராகத் திரைக்குப் போனேன். திரையில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை.

3:36:00-க்கு அய்யூப் அண்ணனின் பெட்டியை கெர்னல் பிடுங்கியிருக்கிறது. அதே நொடியில் வேறொருவர் பெட்டி கேட்டிருக்கிறார். கடைசியாகத் திரும்பி வந்த பெட்டிதான் முதலில் போகும். ஆகவே அந்தப் பெட்டியே போயிருக்கிறது.

எடுத்தவர்: நான்கு.

நான்காம் எண்ணின் கையில் இப்போது இரண்டு பெட்டிகள். ஐந்தாம் எண் தன்னுடைய பழைய பெட்டியின் மூடியில் உள்ள குறியை மட்டும்தான் பார்க்கும். ஆள் உண்டா, இல்லையா? 'உண்டு' என்று இருந்தது. கதவு நின்றுவிட்டது.

ஒரு நொடி பிந்தியிருந்தால் அய்யூப் அண்ணன் இல்லை. என் கெர்னலில் அந்த நொடியைப் பிடித்துக்கொண்டது எது என்று எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். இரண்டு புரொபசர்கள் உட்பட. எல்லோரும் நிரலைத்தான் கேட்டார்கள். வரி வரியாகப் பார்த்தார்கள். நான்கை எழுதும் வரி அவர்களுக்கும் கிடைக்கவில்லை.

3:40-க்குக் கெர்னல் முதல் பெட்டியை மறுபடி பிடுங்கியது; அதே நொடியில் நான்கு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தச் சிமெண்டுத் தரையின் முன் போய் நின்றேன். அழுகை வந்தது. அழுதேன்.

"அய்யூப் அண்ணன் வெளிய வந்துட்டாரு" என்றேன். "நீங்களும் வாங்க."

3:41. இரண்டு பெட்டிகளும் திரும்பின. யாரும் பிடுங்காமல், ஒழுங்காக.

தரையைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

திங்கட்கிழமை காலை ஆபீஸில் சிவசம்பு தாளை நீட்டினார். பேனாவையும் திறந்து கொடுத்தார்.

"போட மாட்டேன்" என்றேன்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்லயே பிள்ளை."

"ஆகியிருக்கும். திருப்பித் தராத பெட்டின்னா உள்ள ஒரு ஆள் இருக்கான்னு அர்த்தம் சார். நிமிஷத்த எண்ணி அவன் இல்லைன்னு நீங்க முடிவு பண்ண முடியாது."

"வேலை போயிடும். யோசிச்சுக்கோ."

"போகட்டும்."

ஞாயிறே கழற்றிக் கொண்டுவந்த அவர் சிப்பைப் பையிலிருந்து எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். இருபத்தெட்டுக் கால்கள். ஒவ்வொன்றாக வளைத்து ஒடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து மணிக்கு நான் தெருவில் நின்றேன். பதினோரு மணிக்கு அய்யூப் அண்ணனோடு மேருவில் மேனேஜர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பேயைத் தவிர. எங்கள் கருவியைக் கழற்றிப்போட்டார்கள். நாற்பது பேரும் பழைய பூட்டு முறைக்கே திரும்பினார்கள். ஊரில் எனக்கு நல்ல பெயர் இல்லை. திமிர் பிடித்தவள் என்றார்கள். இருக்கட்டும்.

ஆனால் நான்கு யார்? அது தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாவது வாரம் தனியாகப் பஸ் பிடித்து மேருவுக்குப் போனேன். ஜாகா முதலில் தெரியாது என்றார். போய் நின்றவள் நின்றபடியே நிற்பதைப் பார்த்துவிட்டுக் கடைசியில் சொன்னார்.

"கேட்டுக்கு எதிர்ல நாசி லெமாக் விக்கிறாங்களே, வீரம்மா அக்கா. அவங்களக் கேளுங்க."

வீரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. மூன்று இருபது என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்காரரு கன்னையா" என்றார். "நாலாம் நம்பர்ல வேலை. எம்பத்தொண்ணு. மழை நாளு. உள்ள போனாரு, பாக்காம கதவ மூடிட்டாங்க. தொறக்கும்போது மூணு நாப்பத்தொண்ணு."

"நாலாம் நம்பர் இருந்துச்சா அக்கா?"

"இருந்துச்சும்மா. அப்புறம்தான் அறுத்து எடுத்துட்டு சிமெண்ட் போட்டாங்க."

கடைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். உள்ளே மஞ்சளாகிப்போன ஒரு தாள். விசாரணை முடிந்ததும் எதற்கோ கையில் கொடுத்தார்களாம். முழுவதும் இங்கிலீஷ். பதினோரு வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

"யாருகிட்ட குடுத்தாலும் பாதி வாசிச்சுட்டு மடிச்சுக் குடுத்துடுறாங்க. நீங்க கடைசி வரைக்கும் வாசிங்க."

தமிழாக்கி வாசித்தேன். நான்காம் எண் ஸ்டீமருக்குள் அவசரக் குமிழ் இருந்திருக்கிறது. அழுத்தினால் வெளியே மணி அடிக்கும். மழைக்காலத்தில் அது அடிக்கடி தானாக அடித்து வேலையைக் கெடுக்கிறது என்று புகார். ஆகவே மணியின் ஒயர் துண்டிக்கப்பட்டது. தேதி, விபத்துக்கு ஒன்பது நாள் முன்பு. உள்ளே யாரும் அதிக நேரம் நிற்பதில்லையாதலால் இதனால் ஆபத்து ஏதும் இல்லை. ஸ்டீமர் பாதுகாப்பானது.

அதற்குக் கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே டைப் அடித்த பெயர்.

மற்றவர்களைப் போல நானும் தாளை மடித்துக் கொடுத்திருக்கலாம்.

"அவ்வளவுதானா?" என்றார் வீரம்மா.

"இல்லக்கா. ஒரு பேர் இருக்கு."

வாசித்தேன்.

கே. சிவசம்பு, பொறியாளர். "என் பழைய முதலாளிக்கா" என்றேன்.

வீரம்மா அழவில்லை. நாசி லெமாக் மடிக்கும் தாளில் ஒன்றைக் கிழித்து என் முன்னால் வைத்தார். காதில் செருகியிருந்த பென்சிலையும் எடுத்துக் கொடுத்தார்.

"இதத் தமிழ்ல எழுதிக் குடும்மா. அந்த ஆளு ஆபீஸ் அட்ரஸையும் சேத்து எழுது."

எழுதிக் கொடுத்தேன்.